ஒப்பீட்டு ஊர்

கோரையாற்றுக்கு இந்தக் கரையில்
உலர்களம் கட்டியிருக்கிறார்கள்.
நாலாயிரம் சதுர அடி, தகரக் கூரை,
ஒட்டினாற்போல் கொள்முதல் நிலையம்.
அந்தக் கரையில் கட்டவில்லை.
ஒரே மண், ஒரே முறைத்தண்ணீர்,
அறுப்பன்று வந்து கெடுக்கிற மழையும் ஒன்றே.
இது பயன்பெற்ற ஊர்,
அது ஒப்பீட்டு ஊர் என்கிறது பயிற்சிக் கையேடு.
ஊர்களுக்குச் சொந்தப் பெயர் உண்டு.
என் டேப்லெட்டில் ஏழு, எட்டு.

படிவம் ஒன்றுக்கு நூற்றெண்பது ரூபாய்.
அறுபத்திரண்டு கேள்வி.
தெரியாது என்றால் 97,
சொல்ல மறுத்தால் 98,
பொருந்தாது என்றால் 99.

ஜக்கரியா டீக்கடையில்
தை மாசியில் நாளுக்கு இருபது லிட்டர் பால்.
களத்துக்கு முன்னால் எட்டு.
சுமை தூக்கும் வீரையன்
பெண்ணை மன்னார்குடியில் நர்சிங் சேர்த்திருக்கிறார்.
அதில் களத்தின் பங்கு எவ்வளவு இருக்கும் என்றேன்.
"களத்துக்குப் பாதி, முதுகுக்குப் பாதி."
முதுகுக்குக் கட்டமில்லை.
மூட்டைக்கு முப்பத்தஞ்சு வாங்கிக்கிட்டுத்தான் என்று
ஆரம்பித்த ஒருவர்
எடை போடுகிறவர் திரும்பிப் பார்த்ததும்
மழையைப் பற்றிப் பேசினார்.
98.

ஒரு ரூபாய் ஊருக்குள் எத்தனை கை மாறுகிறதோ
அத்தனை மடங்கு திட்டத்தின் பலன்.
பின்தொடர்ந்து போனேன்.
டீக்கடை, பஞ்சர் கடை, சீட்டு,
மாரியம்மன் பால்குட வசூல்.
அதற்குப் பிறகு அது பஸ் ஏறி
நகைக்கடைக்குப் போய்விட்டது.

பாலம் மூன்று கிலோமீட்டர் சுற்று.
அந்தக் கரையில் தார்ச்சாலையின் பாதி நெல்.
ஓரத்தில் வரிசையாகக் கல்.
பஸ் வந்தால் கல்லுக்குப் பயந்து ஒதுங்கும்,
லாரி ஒதுங்காது.
தையல்நாயகி காலால் சால் இழுத்துப்
புரட்டிக்கொண்டிருந்தார்.
யார் என்றார்.
களப்பணியாளர் என்றேன்.
"களமா? எங்க?"
சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தார்.
கேலியா என்று முகத்தில் தெரியவில்லை.

முளைத்துப் போனது பதினோரு மூட்டை.
ஈரப்பதம் இருபத்திரண்டு என்று
அக்கரை நிலையம் திருப்பி அனுப்பியது இரண்டு தடவை.
போகவர வண்டி வாடகை.
கடைசியில் வியாபாரி சொன்னதுதான் விலை.
நாற்பத்தி மூன்றாம் கேள்விக்கு வந்தபோது
அவர் கேட்டார்,
"இதெல்லாம் எங்களுக்கும் கட்டுறதுக்குத்தான?"

வாக்குறுதி தரக் கூடாது. கையேடு, பக்கம் நான்கு.
அங்கே எவ்வளவு கூடியது என்று தெரிய வேண்டுமானால்
கூடாத ஓர் ஊர் வேண்டும் என்றேன்.
எனக்கே அது
பயிற்சிக் கூடத்தில் கேட்டதுபோல் கேட்கவில்லை.

ஒரு சால் முழுக்க இழுத்து முடித்தார்.
"அப்ப அவங்க நெல்லு.
நாங்க மரக்கா."
அடுத்த சாலில் காலை வைத்தார்.
"அளந்து முடிச்சா
கவுத்துத்தான வைப்பாங்க."

தெற்கே கறுத்தது.
டேப்லெட்டைப் பைக்குள் போட்டுவிட்டு
நானும் பலகையால் தள்ளினேன்.
தார்ப்பாய் ஒரு முழம் குறைந்தது.
எந்த ஓரத்தை நனைய விடுவது என்று
அவர் யோசிக்கவே இல்லை,
பழகிய ஓரம் ஒன்று இருந்தது.

எட்டில் ஒரு படிவம் பாதியில் நிற்கிறதே என்று
மேற்பார்வையாளர் போன் செய்தார்.
அதற்குக் காசு வராது.
அறிக்கை ஆறு மாதம் கழித்து வந்தது.
பக்கம் முப்பத்தொன்று:
களத்தால் மூட்டைக்கு எழுபத்தி நான்கு ரூபாய் கூடுதல்.
நானும் போட்டுப் பார்த்தேன், சரியான கணக்கு.
இந்தக் கரையை மேலே எழுதி
அந்தக் கரையைக் கீழே எழுதினால்
நடுவில் கோரையாறு கிடக்கிறது,
கழித்தல் குறி நீளத்துக்கு.

அன்று கையில் ஏறிய சுணை
இரண்டு நாள் அரித்தது.
ஏழா எட்டா என்று கேட்டால்
99.